மூன்று அதிகாரம் பாக்கி

"இன்றைக்கு எத்தனை அதிகாரம்?" தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் இப்படிக் கேட்டால் யாரும் அரசியல் என்று நினைக்க மாட்டார்கள். வேதம் வாசிப்பதற்கு அங்கே அதுதான் அளவு. குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனின் ஹாரனுக்கும் நடுவில் ஓர் அதிகாரம். நைட் டியூட்டி முடிந்து திரும்பும் பஸ்ஸில் கைபேசியைப் பார்த்தபடி அரை அதிகாரம். விட்டுப்போனதெல்லாம் 'பாக்கி', ஞாயிற்றுக்கிழமை மதியம் சேர்த்து வாசித்து அடைக்க வேண்டியது.

அதிகாரம் வடசொல். மேல் என்ற பொருள் தரும் 'அதி'யும் செய்தலைக் குறிக்கும் வினையும் சேர்ந்தது. பொறுப்பு, உரிமை, ஆட்சி என்பவை அதன் பழைய பொருள்கள். வடமொழி இலக்கணக்காரர்கள் அதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். பாணினியின் இலக்கணத்தில், ஓரிடத்தில் சொல்லப்பட்டு, பின்வரும் சூத்திரங்கள் பலவற்றிலும் தொடர்ந்து செல்லும் தலைமைச் சூத்திரத்துக்கு அதிகாரம் என்று பெயர். அரசன் இருந்த இடத்தில் இருந்தபடியே நாடு முழுவதையும் தன் ஆணையில் நடத்துவதுபோல, நின்ற இடத்தில் நின்று பல சூத்திரங்களை ஆளும் சொல் என்று நம் இலக்கண உரை மரபும் இதை விளக்கியிருக்கிறது. பொருளை ஆளுவது என்பதிலிருந்து, அப்படி ஆளப்படும் பகுதிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. தொல்காப்பிய உரையாசிரியர் சேனாவரையர் இதை இன்னும் தெளிவாக்குகிறார்: ஒரே பொருளைக் கருதி வரும் பல ஓத்துகளின், அதாவது இயல்களின், தொகுதி அதிகாரம்.

எனவே தொல்காப்பியத்தில் அதிகாரம் மிகப் பெரிய பிரிவு. எழுத்து, சொல், பொருள் என மூன்றுதான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்பது இயல். திருக்குறளுக்கு வரும்போது சொல் சுருங்கிவிட்டது. 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். ஆனால் அளவு சுருங்கினாலும் நிபந்தனை மாறவில்லை. விருந்தோம்பல் என்று தலைப்பிட்டால் பத்துக் குறளும் விருந்தைத்தான் பேசும்.

வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் இந்தச் சொல்லை எடுத்தது கவனிக்க வேண்டிய விஷயம். மலையாள வேதாகமத்திலும் தெலுங்கு, இந்தி வேதாகமங்களிலும் இருப்பது 'அத்தியாயம்'. தமிழுக்கும் அந்தச் சொல் தெரியாததல்ல. பகவத் கீதைக்கும் தொடர்கதைக்கும் அதைத்தானே சொல்கிறோம். இங்கே அதிகாரம் வென்றதற்குக் குறளே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து வேதாகமத்தைத் தமிழாக்கத் தொடங்கிய மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் தொகுத்த தமிழ்ச் சுவடிப் பட்டியலில் திருக்குறளுக்கு இடம் கொடுத்தவர். அதிகாரம் என்ற இந்தப் பெயரிலிருந்து சங்கீதப் புத்தகத்துக்கு மட்டும் விலக்கு: அங்கே ஒவ்வொன்றும் தனிப்பாடல், ஆகையால் 'சங்கீதம் 23' என்போம்.

பெயர் இப்படிக் கிடைத்தது. பிரிவின் கதை வேறு. மோசேயோ ஏசாயாவோ பவுலோ அதிகாரம் பிரித்து எழுதியவர்கள் அல்லர். இன்று நாம் வைத்திருக்கும் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் வகுப்பறைகளில் உருவானது. அங்கே பாடம் சொன்ன ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். பின்னாளில் கேன்டர்பரிப் பேராயராகி, 1215-இல் மேக்னா கார்ட்டா உரிமைச் சாசன விவகாரத்திலும் முன்நின்றவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தைச் சுட்டிப் பேச ஏதாவது எண் வேண்டியிருந்தது. பிரிவின் தேவை அவ்வளவுதான்.

வசன எண்கள் இன்னும் பிந்தியவை. ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அவை வந்தன. பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகும் குதிரைப் பயணத்தில் அப்பா அந்த வேலையை முடித்தார் என்று அவருடைய மகன் எழுதிவைத்தார். சேணத்தில் உட்கார்ந்தபடியா, இரவு தங்கிய சத்திரங்களிலா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். வேலை நெருக்கடிக்கு நடுவில் வேதத்துக்கு நேரம் ஒதுக்கியவர்களில் அவரையும் சேர்க்கலாம்.

எண் வந்ததும் கணக்கு வந்தது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் ஓராண்டில் முடித்துவிடலாம். பத்து அதிகாரத்துக்கான இடம் மிஞ்சவும் செய்யும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842-இல் தம் சபையாருக்குத் தயாரித்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம். ஆண்டு முடிவதற்குள் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. அட்டவணையோடு அதன் ஆபத்துகளையும் அவரே எழுதிக்கொடுத்தார்: வாசிப்பு வெறும் சடங்காகலாம், முடித்தவருக்குத் தற்பெருமை வரலாம், கவனம் சிதறலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகலாம். இன்றைய வாசிப்புச் செயலிகள் பலவற்றில் டிக் போடும் கட்டம் இருக்கிறது; இந்த எச்சரிக்கை இல்லை.

என் குறை அட்டவணைமீது அல்ல, அதன் அலகுமீது. சேனாவரையர் சொன்ன நிபந்தனை இந்த அதிகாரங்கள் பலவற்றுக்குப் பொருந்துவதில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆறாம் நாளோடு நின்றுவிடுகிறது; தேவன் ஓய்ந்திருந்த ஏழாம் நாள், படைப்புக் கதையின் முடிவு, இரண்டாம் அதிகாரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. மூச்சுவிட நேரமில்லாமல் வாசிப்பவர் முதல் நாளே தவறவிடுவது ஓய்வைத்தான்! 1 கொரிந்தியர் 11-இன் முதல் வசனம் பத்தாம் அதிகாரப் பேச்சின் கடைசி வரி.

வேறு விதமான பகுப்பும் வேதத்தில் உண்டு. 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் எபிரேயத்தின் 22 எழுத்துக்கு எட்டெட்டாகப் பாடியவரே அமைத்தார். ஒரு நாளைக்கு எட்டு வசனம் எடுத்தால் எதுவும் நடுவில் அறுபடாது.

நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண் நிற்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள், பேச்சு நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். சில நாள் அது பத்து வசனமாக இருக்கும். பிலேமோனுக்கு எழுதிய கடிதம் முழுவதுமே 25 வசனம். ரூத்தின் கதையை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். நான்கு நாளுக்குப் பங்கு போட வேண்டியதில்லை. பாக்கி விழுந்தால் விழட்டும், அந்தக் கணக்கை யாரும் கேட்கப் போவதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஏசாயா 53-ஐ எடுக்கும்போது மட்டும் முந்தின பக்கத்துக்குத் திரும்பி 52:13-இல் தொடங்குங்கள். பாடுபடும் தாசனைப் பற்றிய அந்தப் பாடல் தொடங்குவது அங்கேதான்.