சப்பாத்தும் தன்மானமும்

'சப்பாத்து' என்னும் சொல்லைப் போர்த்துக்கீசியர் நமக்குத் தந்தனர். ஆனால் அதனை அணியும் உரிமைக்காக ஒரு தமிழர் பாரிஸ் நகரம்வரை வழக்காட நேர்ந்த வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் ஆட்சி ஒன்றே. 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியப் பாணிச் சப்பாத்தணிந்து நீதிமன்றம் புகுந்தார். நீதிபதி அதனை ஏற்கவில்லை. அவரோ பணியவில்லை. பாரிஸிலிருந்த உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னர், 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்வழி அவர் 'லாபோர்த்' என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். 'போர்த்' என்றால் கதவு என்பது பொருள்.

பள்ளிவாசலில் நாமும் காலணியைக் கழற்றுகிறோம். அங்கே செல்வரும் வறியவரும் ஒருசேரக் கழற்றுவதால் எவருக்கும் இழிவில்லை. ஒருவர் அணிந்திருக்க, மற்றவர் மட்டும் கழற்ற வேண்டும் என்னும்போதுதான் அது அவமதிப்பாகிறது.

இன்னொரு அநீதியையும் மறைத்தலாகாது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகர் பலர் தோல் தொழிலை வளர்த்தனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்தின. ஆனால் தோலை உரித்தும் ஊறவைத்தும் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களோ, பல ஊர்களில் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தடுக்கப்பட்டனர்.

இத்துணை வரலாறு சுமந்த பொருளைப் பேணுவதும் ஒரு கடமையே. காரைக்காலின் உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் தோலுக்குப் பகை. நனைந்த சப்பாத்தை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துக. நாடாவை உருவி, தூரிகையால் புழுதி தட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, முற்றிலும் காய்ந்தபின்னரே பாலிஷ் இடுக. மெல்லிய துணியில் சிறிதளவு எடுத்து வட்டமாகத் தேய்த்தலே போதும். மிகுதியாகப் பூசினால் மெழுகு படிந்து, மடிப்புகளில் உதிரும். சில நிமிடம் ஆறவிட்டு, குதிரைமயிர்த் தூரிகையால் விரைந்து தேய்த்து, இறுதியில் பருத்தித் துணியால் மெருகேற்றுக.

அப்பளபளப்பில் நம் முகம் தெரிவது பெரிதன்று. தோலைப் பதனிட்ட கையும், தைத்த கையும், தெருவோரம் அமர்ந்து துடைத்துத் தரும் கையும் அதில் தெரிதல் வேண்டும். அக்கைகளுக்கு உரிய மதிப்பைத் தராதவன் காலில் எத்துணைப் பளபளத்தாலும் அது வெறுந்தோலே.