பினாங்கு வண்டி

நம் இல்லத்துக் கொல்லைப்புறக் கொட்டகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவரில் சாய்ந்து கிடந்த மிதிவண்டியைச் சென்ற ஆண்டு வெளியே கொணர்ந்தோம். நம் பாட்டனார் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் ஏற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கி, ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த ராலே வண்டி அது. புதுக்கோட்டைச் சீமையின் சந்தைகளுக்கெல்லாம் ஜவுளி மூட்டையுடன் அவர்கள் அதில்தான் சென்று வந்தார்கள். நம் தந்தையார் அதனைக் காட்டி, “இந்த வண்டிக்கும் எனக்கும் ஒரே வயது, இரண்டும் 1949” என்று சொல்லி மகிழ்வார்கள். தந்தையார் வஃபாத்தாகி ஆண்டுகள் சில ஆன பின்னரே, அந்த வண்டியை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு எழுந்தது.

தம்பி மகன் இயந்திரவியல் பயில்பவன். அவன் ஆர்வத்தோடு முன்வந்தான். ஆனால் முதல் நாளிலேயே கருத்து வேற்றுமை தோன்றிவிட்டது. “பெரியத்தா, இந்தக் கருப்பைச் சுரண்டிவிட்டு நல்ல சிவப்பு அடிப்போம். மட்கார்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை நேரானதாக மாற்றிவிட்டால் பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்” என்றான். நாமோ, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே ஆக்கிட வேண்டும் என்று பிடிவாதம் கொண்டோம். பழைய வண்டிகளைச் சீர்செய்வோர் உலகெங்கும் இவ்விரு கட்சியினராகவே பிரிந்து நிற்கின்றனர். இருவரும் முதலில் அழுக்கைக் களைவோம், பிறகு வழக்காடுவோம் என்று உடன்பாடு செய்துகொண்டோம்.

மண்ணெண்ணெயும் பழந்துணியும் பாதி வேலையை முடித்தன. குரோம் பூச்சிட்ட பகுதிகளில் படிந்திருந்த துரு, நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்த அளவில் அகன்றது. ரிம்மின் துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் கரைத்து ஊறவைத்தோம். அது துருவைத் தின்னும். பெயிண்டை அவ்வளவாகத் தொடாது. ஆயினும் நஞ்சு. கையுறை அணிந்து, வீட்டுப் பிள்ளைகளை அப்பக்கம் அண்டவிடாது செய்தோம். பெடல் கிராங்கின் காட்டர் பின்னைத் தட்டி எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் கனத்த முட்டுக் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் சுத்தியலின் அடி உள்ளேயிருக்கும் பால்ரஸ் ஓடும் தடத்தில் இறங்கிப் பள்ளம் செய்துவிடும்.

முன் போர்க்கின் தலைநட்டு ஒன்று தேய்ந்திருந்தது. பக்கத்து நகரில் ஒரு கடையில் புது நட்டைப் பொருத்தச் சொன்னோம். இரண்டு சுற்று ஏறிற்று. மூன்றாம் சுற்றில் இறுகிற்று. கடைக்காரர் ஸ்பானரை நீட்டிப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். நாம் கூவித் தடுத்திராவிடில் போர்க்கின் மரையே அறுபட்டிருக்கும். பின்னர் அறிந்தோம்: ஏனைய ஆங்கில வண்டிகளில் அவ்விடத்து மரை அங்குலத்துக்கு 24, ராலே தனக்கென 26 மரை வைத்துக்கொண்டிருந்தது. தன் வண்டிக்குத் தன் உதிரியையே வாங்க வேண்டும் என்னும் வணிகத் தந்திரமோ, பழக்கத்தின் பிடிவாதமோ, அறியோம். ஊர் இரும்புக்கடைக் குப்பையில் கிடைத்த மற்றொரு பழைய ராலேயின் நட்டு நம்மைக் காத்தது.

நிற்க. பின்சக்கரத்து ஹப்பைத் துடைக்கையில்தான் வரலாறு நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்கிற்று. ஸ்டர்மி ஆர்ச்சர் என்னும் பெயரும், ஏ.டபிள்யூ. என்னும் எழுத்துகளும், அவற்றையடுத்து 51 என்றும் 3 என்றும் இரண்டு எண்களும் அதன் உடலில் பொறிக்கப்பெற்றிருந்தன. முன்னது ஆண்டு, பின்னது மாதம். 1951 மார்ச்சில் செய்யப்பெற்ற ஹப் 1949இல் பிறந்த வண்டியில் எவ்வாறு இருத்தல் கூடும்?

இந்த ஹப்பின் கதையே தனியானது. மூன்று வேகம் தரும் கியர்கள் முழுவதும் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் அடங்கியவை. அச்சோடு அசையாது நிற்கும் சூரியப் பல்சக்கரத்துக்கு 20 பற்கள். அதனைச் சுற்றிவரும் நான்கு சிறு சக்கரங்களுக்கும் தலா 20. அவற்றை வளைத்து நிற்கும் வளையத்துக்கு 60. இந்த ஏற்பாட்டினால் மேட்டில் ஏறும்போது பின் பல்சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று. சமவெளியில் விரையும்போது அதற்கு நேர்மாறு. இடைப்பட்ட வேகத்தில் ஒன்றுக்கு ஒன்று. ஏ.டபிள்யூ. என்னும் இவ்வகை 1930களின் பிற்பகுதியில் வெளிவந்தது. இன்றளவும் அதன் வழிவந்தவை செய்யப்படுகின்றன.

ஹப்பின் மேல் இருவர் பெயர் உண்டு. ஹென்றி ஸ்டர்மி பத்திரிகையாளர். அவரும் ஒரு மூவேக அமைப்பை வகுத்திருந்தார். ஜேம்ஸ் ஆர்ச்சர் பெயரில் மற்றொன்றுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. ராலேயின் அதிபர் ஃபிராங்க் பௌடன் இருவரது உரிமைகளையும் வாங்கி, 1902ஆம் ஆண்டையொட்டி இருவர் பெயரையும் இணைத்து நிறுவனம் கண்டார். ஆயினும் முதலில் விற்பனைக்கு வந்த ஹப்பை உண்மையில் சமைத்தவர் வில்லியம் ரெய்லி என்னும் மூன்றாமவர். தாம் முன்னர் கண்ட இருவேக ஹப்பை விற்ற நிறுவனத்தோடு அவர் செய்திருந்த ஒப்பந்தம், பின்னாளில் அவர் காணும் கியர் அமைப்புகளையும் அந்நிறுவனத்துக்கே கட்டுப்படுத்திற்று. எனவே தோழர் ஆர்ச்சரின் பெயரில் காப்புரிமை கோரப்பட்டது. கோடிக்கணக்கான சக்கரங்களில் ஊர் ஊராகச் சுற்றிய பெயர்களில் அவர் பெயர் இல்லை.

1817இல் ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் என்பார் பெடலில்லா மரவண்டியைக் காலால் உந்தி ஓட்டியது தொட்டு, 1885இல் ஸ்டார்லியின் ‘ரோவர்’ ஏறத்தாழச் சமமான சக்கரங்களோடும் செயினோடும் வந்ததும், 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்ததும் பலரும் அறிந்தவை. ஆனால் அந்த இங்கிலாந்து இன்று என்ன ஆயிற்று? நாட்டிங்ஹாமில் ராலேயின் சட்டம் செய்யும் வேலை 1999இல் நின்றது. 2002இல் வண்டி பூட்டும் வேலையும் நின்றது. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000இல் நொடித்துத் தைவானுக்குச் சென்றது. நம் பக்கமோ, 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. நம் பினாங்கு வண்டிக்கு வேண்டிய 28க்கு ஒன்றரை அங்குல டயர் நம்மூர்க் கடையிலேயே கிடைத்தது.

மீண்டும் 51க்கு வருவோம். ஹப் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்றான் தம்பி மகன். ஆனால் பின்சக்கரத்தில் 40 கம்பிகள், முன்சக்கரத்தில் 32. இஃது ஆங்கில வண்டிகளின் பழைய வழக்கு. இரு ரிம்களிலும் ஒரே கோடு, ஒரே சாயம். கோட்டம் எடுத்த தடயமன்றிப் பிரித்துப் பூட்டிய தடயம் இல்லை. ஐயம் தீராது, தந்தையாரின் மூத்த சகோதரியாரிடம் சென்று கேட்டோம். எண்பதைக் கடந்த அவர்கள் சற்றும் வியப்படையவில்லை.

“அது வேற வண்டிப்பா. உங்க அத்தா பொறந்த சேதி கேட்டுப் பினாங்குல அவங்க அத்தா வாங்கினது ஒண்ணு. மறு வருஷம் புள்ளைக்குக் காய்ச்சல், ஊசி மருந்துக்குப் பணம் வேணும்னு கடுதாசி போச்சு. வண்டியை வித்துப் பணத்தை அனுப்பிட்டாங்க. இது அப்புறம் வாங்கினது. உங்க அத்தாகிட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லி வச்சிருந்தாங்க.”

நாம் எழுந்து வருவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று.

வழக்குக்கு மீண்டபோது இருவர் குரலிலும் வேகம் தணிந்திருந்தது. எஞ்சியிருந்தது பின் கேரியர். ராலே கேரியர் அன்று. ஊர்க் கொல்லர் பட்டை இரும்பில் அடித்து, ரிவெட் வைத்து, ஜவுளி மூட்டை குறுக்கே கிடக்கும் அளவுக்கு அகலமாக்கி, இருபுறமும் முட்டுக்கம்பி கொடுத்துச் சட்டத்தில் இறுக்கியது. பாரில் குழந்தை இருக்கை பூட்டிய இரு தழும்புகள். நகராட்சி வரி கட்டி வாங்கிய பித்தளை வில்லை ஒன்று விளக்குக் கொக்கியில் தொங்கிற்று. நம் கட்சிப்படி தொழிற்சாலைத் தோற்றத்தை மீட்பதென்றால் இவையாவும் போக வேண்டும். சிவப்புப் பெயிண்ட் அடிப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

வாங்கியவர்தம் தேவைக்கு வண்டியை வளைத்துக்கொள்வது புதுமையன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி பழகினர்; நம் குடும்பங்களின் பெண்மக்களும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமல் ஆண்கள் வண்டியையே அவர்கள் ஓட்டியதையும், குழந்தையைப் பாரில் அமர்த்தலாம் என்பதற்காகச் சிலர் அதனையே விரும்பியதையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். நாட்டிங்ஹாமில் அந்தக் குழாயை வகுத்தவர் சட்டத்தின் உறுதியை எண்ணியிருப்பாரே அன்றிக் குழந்தையை எண்ணியிருப்பாரோ?

தம்பி மகன் சிவப்பைப் பற்றிப் பிறகு பேசவில்லை. கருப்பின் மேல் மெழுகு மட்டும் பூசினோம். தைலத்துளை வழியே ஹப்புக்குள் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டோம். நாளடைவில் பிசினாகும் வகை எண்ணெயைத் தவிர்த்தோம். துருவைச் சுரண்டுவதற்காகக் கேரியரை ஒருமுறை கழற்ற வேண்டியிருந்தது. கொல்லரின் இரும்புப் பட்டை இறுகியிருந்த இடத்தில் மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு, நாட்டிங்ஹாம் கருப்பு கண்ணாடி போல் மின்னிற்று. அதன்மேல் இழுத்த பொற்கோடு ஓர் இழையும் குலையாதிருந்தது. தம்பி மகன் அதனைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு பட்டையை அதே இடத்தில் வைத்து, நட்டுகளை அவனே முடுக்கினான்.