அயல்மொழி ஆங்கிலக் கற்பித்தல்: உலகமயமும் உள்ளூர்த் தேவையும்

ஆங்கிலம் வீட்டிலோ தெருவிலோ புழங்காத ஒரு நாட்டில், அதைப் பள்ளிப் பாடமாகவோ பிழைப்புக்கான தகுதியாகவோ சொல்லிக்கொடுப்பது அயல்மொழி ஆங்கிலக் கற்பித்தல் எனப்படும். ஜப்பான், சீனா, பிரேசில் ஆகியவை இந்த வகையில் வரும். இந்தியா, இலங்கை, நைஜீரியா போல ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் வேரூன்றிவிட்ட நாடுகளில் அதை இரண்டாம் மொழி என்பார்கள். காகிதத்தில் தெளிவாகத் தெரியும் இந்தக் கோடு ஒரு கிராமத்துப் பள்ளிக்குள் நுழைந்தால் காணாமல் போகும். அங்கே படிக்கும் குழந்தைக்கு ஆங்கிலம் இன்றும் அயல்மொழிதான். அதனால் இந்தத் துறையின் வரலாற்றில் இந்தியாவும் இலங்கையும் திரும்பத் திரும்ப வருகின்றன.

உலகத்துக்கே பொதுவானவை என்று பின்னாளில் விற்கப்பட்ட முறைகளில் பல, ஏதோ ஓர் ஊரின் குறிப்பிட்ட சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடைகள். ஊர்ப்பெயர் உதிர்ந்த பிறகே அவை கப்பலேறின.

டாக்காவும் டோக்கியோவும்

1878-ல் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய மொழிப்பள்ளியில், கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது விதி. காசு கொடுத்துச் சேரும் வயதுவந்தவர்களுக்கும் சிறிய வகுப்புகளுக்கும் அது பொருந்தியது. ஐம்பது அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் வகுப்புகளுக்கு அதே விதி போனபோதுதான் தொல்லை ஆரம்பித்தது.

அந்தத் தொல்லையை நேரில் பார்த்தவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராக இருந்த அவர், வங்கப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுவதைக் கவனித்தார். ஆண்டுக்கணக்கில் பேச்சுப்பயிற்சி கொடுத்து நடுவில் நிற்கும் பிள்ளைக்குக் கையில் என்ன மிஞ்சும்? ஆயுள் காப்பீட்டைப் பாதியில் நிறுத்தினாலும் ஒரு சரண்டர் தொகை கிடைக்கிறதல்லவா, அப்படிப் பாதிப் படிப்புக்கும் ஒரு மதிப்பு வேண்டும் என்றார். அவர் கண்ட வழி வாசிப்பு. பேச யாருமில்லாத ஊரிலும் புத்தகம் படிக்கலாம். 1926-ல் வெளியான இருமொழியம் பற்றிய அவரது நூல் இந்த வாதத்தை விரிவாக முன்வைத்தது. லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவரது வாசிப்பு நூல்களில் புதுச்சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே வரும். வந்த சொல் பலமுறை திரும்ப வரும். 1935-ல் வந்த அவரது அகராதி எல்லாச் சொற்களுக்கும் 1,490 சொற்களை மட்டும் கொண்டே விளக்கம் தந்தது. பிறரோடு சேர்ந்து தொடங்கிய சொல்லெண்ணிக்கை வேலை 1953-ல் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பட்டியலாக முடிந்தது. வங்கத்தில் பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைக்காகத் தொடங்கிய சிந்தனை, வங்கம் எங்கிருக்கிறது என்றே தெரியாத நாடுகளின் பாடநூல்களுக்கு அளவுகோலாயிற்று.

ஜப்பானில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. 1922-ல் ஹெரால்டு பாமர் அந்நாட்டுக் கல்வியமைச்சின் மொழி ஆலோசகராகப் போய், அடுத்த ஆண்டே டோக்கியோவில் ஆய்வுக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1936 வரை அங்கே இருந்தார். அவரோடு வேலைசெய்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைக் குறித்துவந்தார். எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது? எந்த வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும்? ஆங்கிலேயருக்காக எழுதிய அகராதி இதையெல்லாம் சொல்லாது, அவர்களுக்குத் தேவையுமில்லை. ஹார்ன்பியும் இரண்டு கூட்டாளிகளும் தொகுத்த அகராதி போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் டோக்கியோவில் அச்சாயிற்று. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பிட்டது. இன்று மாணவர்கள் மேசையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மேல்நிலைக் கற்போர் அகராதி அதன் வாரிசு.

பேரரசுக்குப் பிறகு

1934-ல் தொடங்கிய பிரிட்டிஷ் கவுன்சிலும், போருக்குப் பின் அமெரிக்க அறநிறுவனங்களும் ஆங்கிலக் கல்வியை உதவித்திட்டமாக மாற்றின. 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலம் வழியாகவே கற்பி, தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், சீக்கிரம் தொடங்கினால் நல்லது, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது, பிறமொழி கலந்தால் தரம் கெடும் என்ற ஐந்து நம்பிக்கைகள் அங்கே உறுதிப்பட்டன என்று ராபர்ட் ஃபிலிப்சன் 1992-ல் எழுதிய நூலில் காட்டினார். ஐந்தும் பிழை என்பது அவர் வாதம். ஆசிரியர் வேலை விளம்பரங்களைப் பார்த்தால் ஐந்தும் இன்னும் உயிரோடிருப்பது தெரியும்.

மக்கரேரே மாநாடு நடந்த காலத்தில் மதராஸ் மாநிலத்தில் கட்டமைப்பு முறை பரவிக்கொண்டிருந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றாக வாயில் ஏற்றுவது அதன் சாரம். ஆசிரியர் வாசலை நோக்கி நடந்தபடியே 'ஐ ஆம் வாக்கிங் டு த டோர்' என்பார். வகுப்பு முழுதும் ஒரே குரலில் திரும்பச் சொல்லும். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இதைக் கற்றுத்தர, பயிற்சி பெற்றவர் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் சங்கிலித் திட்டம் 1950-களின் இறுதியில் தொடங்கியது. 'மதராஸ் பனிப்பந்து' என்று அதற்குப் பெயர்; பனியே விழாத ஊருக்கு வைத்த பெயர். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகப்போகச் சரக்கு நீர்த்துப்போவது இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் உள்ள நோய்.

வகுப்பில் சரியாகச் சொன்ன வாக்கியம் வெளியே போனதும் வராமல் போவதைக் கண்டவர்களில் ஒருவர், பிரிட்டிஷ் கவுன்சிலின் மதராஸ் அலுவலகத்தில் இருந்த என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், மதராஸ், கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை பெங்களூர் திட்டம் என்று அறியப்படுகிறது. அதில் இலக்கணப் பட்டியலும் கிடையாது, சொற்பட்டியலும் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த நேரத்துக்குள் அந்த ஊர் போய்ச்சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் போடுவார். பிறகு அதேபோன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனியே போட வேண்டும். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும்போதே மொழி உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் ஊகம்.

1984-ல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிசும் செய்த மதிப்பீட்டில், திட்ட வகுப்புகளும் கட்டமைப்பு முறை வகுப்புகளும் தத்தம் பாணியிலான தேர்வில் முந்தின. எந்தப் பாணியையும் சாராத தேர்வுகளில் திட்ட வகுப்புகளின் பக்கம் தராசு ஓரளவு சாய்ந்தது. பிரபுவின் நூல் 1987-ல் வந்தது. பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறையின் ஊற்றுகளில் இது முக்கியமானது. ஆனால் குழுவேலையைப் பிரபு வேண்டுமென்றே தவிர்த்திருந்தார். ஒருவர் பிழை இன்னொருவருக்குத் தொற்றும் என்பதோடு, தமிழிலோ கன்னடத்திலோ ஒரே மொழி பேசும் பெரிய வகுப்பு என்ற நிலவரமும் இருந்தது. மேற்கில் அதே முறை இணைப்பேச்சும் குழுவேலையுமாக உருமாறி, அந்த வடிவில் ஆசியாவுக்குத் திரும்பி வந்தது.

தேவையை முதலில் கேட்டவர்கள் வேறிடங்களிலும் உண்டு. சிலியில் அறிவியல் மாணவர்களுக்கென ஈவரும் லத்தோரேயும் 1969-ல் தனிப் பாடநூல் எழுதினார்கள். பிரேசிலில் 1980-களில் மரியா அந்தோனியேட்டா செலானி வழிநடத்திய திட்டம் வாசிப்பை மட்டும் இலக்காகக்கொண்டு, வகுப்பில் போர்த்துக்கேய மொழியைத் தாராளமாக அனுமதித்தது. நாடு முழுமைக்கும் ஒரே பாடநூல் வேண்டாம் என்றும் முடிவெடுத்தது.

பாடநூல் சந்தை

1986-ல் வந்த 'ஹெட்வே' போன்ற தொடர்கள் ஒரே நூலை நூறு நாடுகளில் விற்கும் வணிகத்தைப் பெரிதாக்கின. எந்த நாட்டு வாடிக்கையாளரும் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக அரசியல், மது, மதம், பாலுறவு, போதை, கொள்கைவாதங்கள், பன்றியிறைச்சி ஆகியவற்றைத் தொடவேண்டாம் என்று எழுத்தாளர்களுக்குச் சொல்லப்பட்டது. மிஞ்சியது விமான நிலையம், உணவகம், விடுமுறைப் பயணம்.

அப்படியொரு புத்தகம் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் என்ன ஆனது என்பதை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அ. சுரேஷ் கனகராஜா பதிவுசெய்தார். 1993-ல் கட்டுரையாகவும் 1999-ல் நூலின் பகுதியாகவும் வெளிவந்தது அது. கலைப்பிரிவு முதலாமாண்டு மாணவர்களுக்குக் கிடைத்தது 'அமெரிக்கன் கெர்னல் லெசன்ஸ்' என்ற அமெரிக்கப் பாடநூல். மாணவர்கள் அதன் ஓரங்களில் எழுதித் தள்ளியிருந்தார்கள்: தமிழ்ச் சினிமா, கடவுளர், போராட்ட முழக்கங்கள். படத்திலிருந்த வெள்ளைக்காரர்களைத் தமிழில் பேச வைத்தார்கள். இதை எதிர்ப்பு என்று மட்டும் கொள்ள முடியாதபடி இன்னொன்றும் நடந்தது. கலந்துரையாடல் வகுப்புகள் வேண்டாம், இலக்கணம் சொல்லித்தாருங்கள் என்று அதே மாணவர்கள் கேட்டார்கள். ஆங்கிலத்தில் கட்டாயத் தேர்ச்சி வேண்டியிருந்தது. தேர்வு இலக்கணத்தைத்தான் கேட்டது. உள்ளூர்த் தேவை என்றால் உள்ளூர்ப் பண்பாடு என்று எடுத்துக்கொள்வோர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1994-ல் பா. குமாரவடிவேலு, 'முறை' என்ற கருத்தையே கடந்து, அந்தந்த வகுப்பின் தனித்தன்மையிலிருந்து ஆசிரியரே கற்பித்தலை உருவாக்க வேண்டும் என்று எழுதினார். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள எந்த ஒலிகள் இன்றியமையாதவை என்று 2000-ல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் வரையறுத்தார். ஐரோப்பிய மொழித்தரச் சட்டகம் தன் 2018-ஆம் ஆண்டு இணைநூலில் 'தாய்மொழியாளர்' என்ற அளவுகோலைக் கைவிட்டது. ஆய்விதழ்களில் இந்தத் தரப்பு வென்றுவிட்டது என்றே சொல்லலாம்.

தேர்வுகளின் கதை வேறு. டோஃபல் 1964-லும் ஐ.இ.எல்.டி.எஸ். 1989-லும் தொடங்கி, விசா, பல்கலைக்கழக இடம், செவிலியர் வேலை எல்லாவற்றுக்கும் வாசற்காவலாகிவிட்டன. ஜப்பான் 1987 முதல் வெளிநாட்டு இளைஞர்களைத் துணை ஆசிரியர்களாக அழைத்துவருகிறது. ஆனாலும் அங்கே வகுப்பறையை ஆண்டது பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுதான். பேச்சையும் எழுத்தையும் சோதிக்கத் தனியார் உலகத் தேர்வுகளையே நுழைவுக்குப் பயன்படுத்துவது என்று அரசு முடிவெடுத்தபோது, கட்டணமும் தேர்வு மையங்களின் தொலைவும் பிரச்சினையாயின. மாணவர்கள் தங்கள் நிலைமைக்கு ஏற்றபடி போட்டியிட்டுக்கொள்ளட்டும் என்ற பொருள்பட அமைச்சர் பேசியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. 2019 நவம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டு, 2021-ல் கைவிடப்பட்டது.