கோளம் என்ற ஒரு சொல்

'மூலதனம்' முதல் பாகத்தை (1867) வாசிக்கிற தோழர்கள் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஓரிடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். சில வருஷம் லேத்தில் நின்றவன் என்பதால் நான் அங்கே இடறினேன். ஹென்றி மாட்ஸ்லேயின் ஸ்லைடு ரெஸ்ட் இடம்பிடித்தது ஏதோ ஒரு கருவியின் இடத்தை அல்ல, மனிதக் கையின் இடத்தையே என்கிறார் மார்க்ஸ். நேர்கோடு, தளம், வட்டம், உருளை, கூம்பு, கோளம் இவற்றைத் துல்லியமாக உண்டாக்கும் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்பது அவர் கணக்கு. மற்றதெல்லாம் சரி. கோளம்?

அதற்கு முன் டர்னர் உளியைக் கையில் பிடித்து, தாங்கியில் ஊன்றி, சுழலும் இரும்பில் அழுத்திக் கடைந்தார். நகரும் தாங்கி 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரான்சில் வோகான்சனின் லேத்தில் உண்டு. மாட்ஸ்லேயைத் 'தந்தை' ஆக்குவது மகான்களின் வரலாறு எழுதுகிறவர்களின் வேலை. அவர் ஜோசப் பிராமாவின் லண்டன் பட்டறையில் வாரம் 30 ஷில்லிங் வாங்கிய தொழிலாளி. கூலி உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது, 1797இல் வெளியேறித் தனிப்பட்டறை போட்டார். இத்தகைய மெஷின்கள் முதலாளிகளுக்கு என்ன தெம்பு கொடுத்தன என்பதற்கு 1852 கதவடைப்பு சாட்சி. மிகைநேர வேலையையும் துண்டுக்கூலியையும் எதிர்த்த இங்கிலாந்தின் பொறியியல் தொழிலாளர் சங்கத்தை மாதக்கணக்கில் வெளியே நிறுத்தினார்கள். தேர்ச்சியில்லாதவரை மெஷினில் நிறுத்துவது யார் உரிமை என்பதும் அந்தச் சண்டைக்குள் இருந்தது.

ஆனால் ஸ்லைடு ரெஸ்ட் நேர்கோட்டில்தான் போகும். நீளவாக்கில் போனால் உருளை, குறுக்கே போனால் தளம், சாய்த்து வைத்தால் கூம்பு. உருண்டை வேணும்னா ரெண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில், வேறுவேறு வேகத்தில் சுற்றணும். இல்லையென்றால் படிப்படியாக வெட்டி, அரத்தால் ராவி, தகட்டு அளவை வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கணும். துரத்தப்பட்ட கை திரும்பி வந்துவிட்டது.

இதற்கென்றே வந்தது பால் டர்னிங் அட்டாச்மெண்ட். கடையப்படும் துண்டின் மைய அச்சுக்கு நேர் கீழே, செங்குத்தாக ஒரு முளை, அதன்மேல் திரும்பும் தட்டு, தட்டில் டூல். தட்டைத் திருப்பினால் டூல் நுனி வில்லாக நகரும். நுனிக்கும் முளையின் மையத்துக்கும் உள்ள தூரமே உருண்டையின் ஆரம். மையம் துளி விலகினாலும் போச்சு, உருண்டை எலுமிச்சம்பழம் ஆகிவிடும்.

எப்போதாவது தேவைப்படுகிற சாமான் என்பதால் பழைய லேத்தோடு சேர்ந்து கிடைப்பது அபூர்வம். லண்டனில் 1795இல் லேத் விற்கத் தொடங்கிய ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பம், தந்தத்திலும் மரத்திலும் அலங்காரம் கடைந்து பொழுதுபோக்கிய கனவான்களுக்குக் கோளம் கடையும் தாங்கியும் செய்துகொடுத்தது. பட்டறை டர்னர்களில் பலர் தமக்கு வேண்டியதைக் கிடைத்த இரும்பில் தாமே செய்துகொண்டார்கள். காட்லாக்கில் அவர்கள் பெயர் இல்லை.

அந்த உருண்டைகளில் பல எங்கே போயின? லேத்தின் கைப்பிடிக்குத்தான், உள்ளங்கையில் உறுத்தாமல் பிடிக்க. கையை ஒழித்ததாகச் சொல்லப்பட்ட மெஷினுக்கு, கைக்காக ஓர் உருண்டை தேவைப்பட்டது. அதைக் கடைகிற தட்டையும் கைதான் திருப்பியது.

மார்க்ஸ் தப்பு என்று சொல்ல வரவில்லை. இன்று கம்ப்யூட்டர் லேத் இரண்டு அச்சையும் ஒருசேர நகர்த்தி உருண்டை கடைகிறது. போக்கு அவர் சொன்னதுதான். 'தீர்ந்தது' என்பதில்தான் அவசரம். நடுவில் கிடக்கும் நூற்றுச் சொச்சம் வருஷம் அந்தக் கைகளுடையது. முதலாளியால் பிடுங்க முடியாமல் தொழிலாளியிடம் எது மிச்சம் இருந்தது என்று பார்க்காமல், அவருடைய பலத்தைப் பற்றி நாம் எதைப் பேசப்போகிறோம்?