நாலு கோடு காட்டுது, ஆனா படம் ஓடல: தூத்துக்குடியில் ஒரு கேபிள் கதை

இந்த வாரக் கதை எங்க வீட்டுப் பின்கட்டில் தொடங்குது.

அண்ணன் கப்பல்ல வேலை. ஏதாவது துறைமுகத்துல நெட் கிடைச்சாத்தான் வீடியோ கால். அம்மா பின்கட்டு ரூம்ல படுத்திருப்பாங்க. அங்க வைஃபை எட்டாது. அவங்களுக்காக ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி, அவங்க கட்டில் பக்கத்துலேயே மாட்டினேன். போன்ல நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது. ஆனா அம்மா சொல்றாங்க: "அவன் மொகம் அசையவே மாட்டேங்குதுடா."

ஏன் இப்படி? பதில் கொஞ்சம் பழசு.

தந்தி காலத்துல கம்பி நீள நீள சிக்னல் மங்கிப்போகும். நடுவழி ஆபீஸ்ல ஒருத்தர் செய்தியைக் கேட்டு எழுதி, மறுபடி அடிச்சு அனுப்புவார். செய்தி போய்ச் சேரும். ஆனா ஒரே செய்திக்கு ரெண்டு மடங்கு வேலை. 1956-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தொலைபேசி கேபிளான டாட்-1ல், மங்கும் சிக்னலைத் தூக்கிவிட 51 ரிப்பீட்டர்கள். அதுல ரெண்டு கேபிள், போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் 51.

இந்த 'தனித்தனிப் பாதை'தான் விஷயமே. மலிவான எக்ஸ்டெண்டருக்கு ஒரே ரேடியோ, ஒரே சேனல். ரவுட்டர் பேசும்போது அது கேட்கணும். அப்புறம் அதையே போனுக்குத் திருப்பிச் சொல்லணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது. அதனால வேகம் ஏறக்குறைய பாதியாகும். போன்ல தெரியிற நாலு கோடு, போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல உள்ள சிக்னல் மட்டும்தான். எக்ஸ்டெண்டருக்கு ரவுட்டர் சரியா கேட்குதான்னு அது சொல்லாது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2006-ல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துல உள்ள கல்கிசை வரைக்கும் கடலடி ஃபைபர் கேபிள் போட்டாங்க. 300 கி.மீ.க்கு மேல நீளம்; நடுக்கடல்ல ஒரு ரிப்பீட்டர்கூட இருக்கல. பெருங்கடல் கேபிள்கள்ல வழிநெடுக ஒளியைப் பெருக்கும் கருவிகள் இருக்கும். அதுக்கெல்லாம் கரையிலிருந்து கேபிள் வழியாவே மின்சாரமும் போகணும். இந்தத் தூரத்துக்கு அது தேவைப்படல. ரெண்டு கரையிலும் இருந்த கருவிகளே போதுமா இருந்துச்சு.

முத்துக்குளித்த காலத்து ஆட்களுக்கு இது புரியும். கீழே மூழ்கினவர் கயிற்றை இழுத்தா, மேலே பிடிச்சு நிக்கிறவர் கைக்கு நேரா தெரியும். நடுவுல ஆள் வேண்டாம்.

கடைசியில நானும் அதைத்தான் செஞ்சேன். முதல்ல எக்ஸ்டெண்டரை அம்மா ரூம்லருந்து கழட்டி, ரவுட்டர் சிக்னல் இன்னும் நல்லா கிடைக்கிற நடைக்கு மாத்தினேன். படம் ஓட ஆரம்பிச்சது, நடுநடுவே திக்கித் திக்கி. அடுத்த வாரம் ரவுட்டர்லருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்து, அதோட முனையில ஒரு அக்சஸ் பாயிண்ட் வெச்சேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். அம்மா போனை மூஞ்சிக்குக் கிட்ட வெச்சுக்கிட்டு முதல்ல கேட்டது: "ஏன்டா இப்படி மெலிஞ்சுட்டே?"

அந்த அளவுக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு.