முள்ளெலியும் கூண்டுக் கிளியும்: மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை குறிஞ்சி நிலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தினைப்புனத்தில் கிளியோட்டும் மகளிரைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அன்று புனத்திலிருந்து விரட்டப்பட்ட பச்சைக்கிளியை இன்று நம் இல்லங்களிற் பலவற்றில் கூண்டுக்குள் காண்கிறோம். இதற்கு மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இடம் தருகின்றனவா என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

விலங்குகளைப் பற்றிய சட்ட ஆய்வு முஸ்லிம் அறிஞர்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த இமாம் தமீரி (ரஹ்) தமது 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் முள்ளெலிக்கும் இடமளித்துள்ளார். அதனை உண்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஆகும். ஹனஃபி மத்ஹபில் ஆகாது. தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் முள்ளெலியை 1851இல் ஹார்ஸ்ஃபீல்ட் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதன் முள்ளையும் தோலையும் நாடியோரால் அவ்வுயிர் அல்லலுற்றது.

வளர்ப்பது குறித்த ஆதாரம் வேறு. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்புடன் வினவிய நிகழ்ச்சி புகழ்பெற்றது. ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளைத் தொகுத்தார். பறவையைக் கூண்டில் வளர்க்கலாம் என்பதற்கும் அறிஞர்கள் இதனையே சான்றாகக் கொண்டனர். எனினும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளான செய்தியையும் அவர்கள் மறக்கவில்லை. உணவும் நீரும் தந்து, துன்புறுத்தாது காப்பதே அந்த அனுமதிக்கு நிபந்தனையாகும்.

இந்தியாவில் 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், 1972இல் விரிவான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். முள்ளெலியும் பாதுகாக்கப்பட்ட உயிரே. பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என 2024ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன.

"மார்க்கம் அனுமதித்ததை அரசு தடுக்கலாமா?" எனச் சிலர் வினவலாம். அனுமதிக்கப்பட்டது வேறு, கடமையாக்கப்பட்டது வேறு. ஆகுமான ஒன்றைப் பொதுநலன் கருதி ஆட்சியாளர் வரையறுக்கலாம் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்ற நெறி. சிறுவர் அபூ உமைரின் கையிலிருந்தது ஒரு பறவை. இன்றோ சந்தைக்காகக் கூட்டிலிருந்து குஞ்சுகள் திருடப்படுகின்றன. பல வழியிலேயே மடிகின்றன. நாம் விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொரு கிளியும் அடுத்த கூட்டைக் கலைக்கத் தூண்டுகிறது.

ஆகவே, வீட்டில் கிளி வைத்திருப்போர் அதனை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. கூண்டில் பழகிய பறவையைத் திடீரெனப் பறக்கவிட்டால் அது இரை தேடத் தெரியாது மடியக்கூடும். பிள்ளைகள் பறவை கேட்டால், தினை விளையும் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்று காட்டுவோம்.