உமிழ்வரி

உமிழ் என்பது பழைய வினைச்சொல்; உள்ளே இருப்பதை வெளியே விடுதல். வரி, புலியின் மேல் இருப்பதுபோன்ற கோடு. சூடான வாயு தனக்கே உரிய சில அலைநீளங்களில் ஒளியை உமிழும். நிறமாலையில் அவை பளிச்சென்ற கோடுகளாக நிற்கும். அவையே உமிழ்வரிகள். பொருத்தமான தமிழாக்கம் என்பேன்.

குவாசர் என்னும் தொலைதூர வான்பொருளில் இவற்றை இனங்காண்பது எளிதல்ல. 3சி 273 என்ற குவாசரின் வரிகள் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாமல் திகைக்க வைத்தன. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் கண்டுகொண்டார்: அவை நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன் வரிகளேதான், அலைநீளம் 1.158 மடங்காக நீண்டிருந்தது. 4861 ஆங்ஸ்ட்ராமில் இருக்கவேண்டிய வரி 5630-க்கு அருகே நின்றது. தேவிகாபுரம் என்ற ஊரின் தறியில் நெய்த பட்டின் கோடுகள் நிறத்தோடு இடைவெளியாலும் அடையாளம் காணப்படும். இங்கும் இடத்தைவிட அலைநீள விகிதமே சாட்சி.

அவ்வூருக்கு மேற்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. நிறமாலை ஆய்வும் அங்கு நடக்கும் வேலைதான். அத்தகைய ஆய்வில் ஒற்றை வரி மட்டும் தெரிந்தால், அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைக் குறிக்கும் செம்பெயர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது; விகிதம் பார்க்க இரண்டாவது வரியாவது வேண்டும்.